சங்கிலியின் மறுமுனை

மழை பெய்தால் அந்த ஆவண அறையின் கூரை ஒழுகும். அதில் முத்துராணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அன்று அவள் கதவைத் திறந்தபோது ஈரம் ஒரே நேர்கோடாகக் கிடந்தது. வாசலில் தொடங்கி, கூரை முட்ட ஆவணக் கட்டுகள் அடுக்கிய இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, எங்கும் வளையாமல் வந்து, அவளுடைய நாற்காலியின் காலடியில் முடிந்திருந்தது. குனிந்து தொட்டாள். விரலில் ஆற்று வண்டல் ஒட்டியது.

பழைய கிராம வரைபடங்களைப் பார்த்துக் கணினியில் மறுபடி வரைவதுதான் அவள் வேலை. அம்பாசமுத்திரத்திலிருந்து இந்த நில அளவை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஒரு ஊரைத் தவிர மற்றதெல்லாம் தடங்கலில்லாமல் முடிந்திருந்தது. தாமிரபரணியின் இரு கரையிலும் இருந்த ஊர் அது. எப்போதோ வந்த ஒரு பெருவெள்ளத்தில் போய்விட்டது. இன்று அங்கே மணல்தான் கிடக்கிறது. அந்த ஊரின் பழுத்த, துணி ஒட்டிய வரைபடத்தில் எல்லாக் கோடுகளுக்கும் நீளம் எழுதியிருந்தது, ஒன்றைத் தவிர. இக்கரை எல்லைக் கல்லிலிருந்து அக்கரைக்குக் கிளம்பிய கோடு நடு ஆற்றில் அப்படியே நின்றுபோயிருந்தது. அந்த ஒரு அளவு இல்லாமல் படத்தை முடிக்க முடியவில்லை. மேலதிகாரி தினமும் கேட்டார்.

முந்தின நாள் மாலை, எல்லோரும் போன பிறகு, சலிப்பில் வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

"யாராவது வந்து இத அளந்து குடுத்தாத்தான் என்ன?"

காகிதமும் துணியும் நிறைந்த அந்த அறை எந்தச் சத்தத்தையும் விழுங்கிவிடும். அன்று மட்டும் அவள் குரல் அலமாரிகளின் கடைசி வரை போய், கொஞ்சம் தாமதித்து, திரும்பி வந்தது.

இப்போது அந்த ஈரத்தைப் பழந்துணியால் துடைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். வெளியே வேப்பமரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழைய காகிதத்தின் புளித்த வாடையோடு, தண்ணீர் வடிந்த படித்துறையில் அடிக்கும் பாசி நாற்றமும் சேர்ந்துகொண்டு மூக்கை அடைத்தது. மின்சாரம் போனது. மின்விசிறியின் இரைச்சல் அடங்கியதும்தான், அதுவரை அதற்கடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் அவளுக்குக் கேட்டது. இரும்பு தரையில் உரசும் சத்தம். கணுக்கணுவாக. கொஞ்சம் இழுபடும், நிற்கும், மறுபடி இழுபடும்.

அலுவலக உதவியாளர் பீர் மைதீன் தேநீரோடு வந்தார்.

"பாய், பின்னால யாரும் இருக்காவளா?"

"யாரு இருக்கா? சாவி உங்ககிட்டதான இருக்கு."

மறுபடி உரசியது. அவர் தேநீரை மேசையில் வைத்தார். மேசைமேல் விரித்திருந்த படத்தை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இந்த ஊரயா எடுத்தீய? எங்க வாப்பா இங்கதான் வேல பாத்தாவ, அவங்க சொல்லுவாவ. இத அளக்கப் போன ரெண்டு பேரும், ஆளுக்கொரு முனையா பிடிச்ச அளவுச் சங்கிலியோட வெள்ளத்துல போயிட்டாவளாம். மடிச்சு வச்சிட்டு வீட்டுக்குப் போங்கம்மா. ஏதும் கெடந்தாக்கூட எடுக்காதீய."

அவர் மேலதிகாரியைத் தேடிப் போனார். முத்துராணி அவசர அவசரமாகப் படத்தைச் சுருட்டினாள். சுருள் கைநழுவி மேசைக்கடியில் உருண்டது. இருட்டில் துழாவினாள். கையில் அகப்பட்டது சுருள் இல்லை. ஒரு பித்தளைக் கைப்பிடி. சில்லென்று இருந்தது. அதிலிருந்து நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி அலமாரிகளின் இருட்டுக்குள் நீண்டு போயிற்று.

மறுமுனை இழுபட்டது.

முரட்டுத்தனமாக இல்லை. வேலை தெரிந்த ஒருவன், எதிரே நிற்பவனை "விறைப்பாப் பிடி" என்று சொல்வதுபோல. அவள் நினைப்பதற்குள் அவள் கை விறைப்பாகப் பிடித்தது.

உதறினாள். ஓடினாள்.

வீடு குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போகும் வழியில், ஆற்றைப் பார்த்த கொல்லைப்புறத்தோடு இருந்தது. வெள்ள எச்சரிக்கையால் துணிக்கடையை மத்தியானமே அடைத்துவிட்டதால் அவள் கணவன் செந்தில்முருகன் வீட்டில் இருந்தான். நனைந்து நின்றவளின் தலையைத் துவட்டினான். அப்போதுதான் அவளது வலது கையைக் கவனித்தான். விரல்கள் மடங்கி, எதையோ பற்றியதுபோல இறுகியிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

"ஏட்டி, என்னத்த இப்பிடிப் பிடிச்சிருக்க?"

சிரித்துக்கொண்டே விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தான். அசையவில்லை. அவளுக்கோ உள்ளங்கையில் பித்தளையின் குளிர்ச்சி தெரிந்தது. கொல்லைப்படியில் இரும்பு உரசி ஏறுவது கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. திடீரென்று அவள் கை தானாக நீண்டு ஆற்றுப் பக்கம் வெட்டி இழுத்தது. தோள்மூட்டு சுளீர் என்றது.

"தொடாதீங்க. தள்ளிப் போங்க!"

"கனமா இருக்கா?" அவன் சிரிப்பு போய்விட்டது. அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டான். "கொண்டா. நான் பிடிக்கேன்."

அவள் விரல்கள் விரிந்தன.

கையில் கனம் இல்லை. ஒரு மூச்சு நேரம், வேறு எதையும் நினைக்குமுன், அவளுக்குச் சுகமாக இருந்தது. பிறகு அவன் கையைப் பார்த்தாள்.

அது மடங்கி இறுகியிருந்தது.

செந்தில்முருகன் எழுந்தான். தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்தான்.

"சரி வே," என்றான், கொல்லையைப் பார்த்து. "வாரேன்."

"யார்ட்ட பேசுதீங்க? ஏங்க!"

கொல்லைக் கதவைத் தாண்டினான். ஒற்றையடிப் பாதை பக்கத்தில் இருந்தது. அதில் போகவில்லை. முள்வேலிக்குள் நேராக நுழைந்தான். முள் கிழித்தது, முகம் சுளிக்கவில்லை. அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்து அவள் கையோடு வந்தது. காலைக் கட்டிக்கொண்டாள். அவளையும் சேற்றில் இழுத்துக்கொண்டே நடந்தான். கரையில் அவள் பிடி நழுவியது.

ஆறு செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. அவன் இறங்கினான். முழங்கால். இடுப்பு. நெஞ்சு. அவள் கத்தினாள். அவன் திரும்பவில்லை. கழுத்து. தலை போயிற்று.

கை மட்டும் போகவில்லை.

மணிக்கட்டுவரை நீருக்குமேல் நின்றது. வேரோடு வந்த மருதமரம் ஒன்று சுழன்று வந்து, அந்தக் கையை விட்டு விலகிப் போயிற்று. அவ்வளவு வெள்ளமும் அதை ஒரு விரற்கடைகூடச் சாய்க்கவில்லை. இறுகிய விரல்களோடு, வேலைக்குப் போகிறவனின் நிதானத்தில், ஆற்றைக் குறுக்காக அறுத்துக்கொண்டு, நேராக, மிக நேராக, அது அக்கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தது.