தாடி வைத்த புனிதைக்கு ஒரு நேத்தி

கூட்டின குப்பையில் தலைமயிர் கிடந்தது. நீட்டுக் கருமயிர். மெழுகுதிரிப் புகையும் ஈரக்கல் வாடையும் தவிர வேறொன்றும் மணக்காத அந்தச் சேர்ச்சில், நரைத்த வெள்ளைக்காரக் கிழடுகள் மட்டும் வந்துபோகிற பக்கத்துச் சிற்றறையில், தேங்காயெண்ணெய் மணந்தது. துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஜனார்த்தன் குனிந்து பார்த்தார். வில் என்கிற சுவிஸ் ஊரில் உள்ள தன் வீட்டில், போன மாதம் தன் கையாலேயே குப்பைப் பையில் போட்டுக் கட்டின மயிர்.

மகள் லக்சாயினி தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றவள். "அப்பா, நான் பொம்பிளைப் பிள்ளையில்லை. மகன் எண்டு கூப்பிடுங்கோ" என்றாள். அன்றிலிருந்து வீடு செத்தவீடு. வாற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தாலி கட்டு. அதுவரைக்கும் பிள்ளையை அறைக்குள் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அண்ணாந்தார். சிலுவையில் பழங்காலத்து மரச்சிலை. பெண்ணின் மார்பு, நீட்டுக் கவுண், முகம் நிறையத் தாடி. நம்மட அர்த்தநாரி மாதிரி ஏதோ சாமியாக்கும் என்று நினைத்து, பிள்ளையின் மனம் திரும்பிக் கலியாணம் நடக்கவேண்டுமென்று நேத்தி வைத்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து அதன் காலில் கட்டியிருந்தார்.

இன்று மத்தியானம்தான் சேர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கிழவர் துணியைக் கண்டு சிரித்தார். அது ஒரு ராசாவின் மகளாம். கலியாணம் வேண்டாமென்று மன்றாடி ஒரே இரவில் தாடி முளைத்ததாம். பிடிக்காத கலியாணத்திலிருந்து தப்பத்தான் முந்திப் பெண்கள் இங்கே வருவார்களாம்.

"ஆர் சிலுவையில அறைஞ்சது?" என்று தனக்குத் தெரிந்த டொச் மொழியில் கேட்டார்.

"தகப்பன்தான்."

நேத்தியை அவிழ்க்கவேண்டும். பனிக்காலத்துப் பின்னேரம், யன்னல்கள் அதற்குள் கறுத்துவிட்டன. முடிச்சு இறுகிக் கிடந்தது. இழுத்தார். மரக்கால் சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் கால்போல. அதன் கால்விரல் அசைந்தது.

கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். தொலைபேசி அடித்தது. மனைவி கஜலக்சுமி, தாழ்ந்த குரலில்.

"பிள்ளையின்ர அறைக்குள்ள என்னப்பா செய்யிறியள்? ஆணி அடிக்கிற சத்தம் கேக்குது. கதவைத் திறவுங்கோ."

தான் இன்னும் வேலையில் நிற்பதாகச் சொன்னார்.

"விளையாடாதேங்கோ. உங்கட இருமல் கேக்குது."

சட்டைப்பையைத் தடவினார். திறப்பில்லை. ஒரு ஆணி. நீளமான, பழைய ஆணி.

தொலைபேசிக்குள் அடி விழுந்தது. நின்றது. திரும்ப விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவரது வலக்கை தானாய் உயர்ந்து தாழ்ந்தது.

அண்ணாந்தார்.

சிலுவையில் ஆளில்லை. கால் இருந்த இடத்தில் மஞ்சள் துணி மட்டும். முடிச்சு அவிழாமல்.