நோர்கார்ட் வீட்டில் எத்தனை பேர்

வென்டெலின் கையிலிருந்த கம்பிகள் அசையவே இல்லை.

லூத்தரன் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன் வென்டெல். புதுக் குழி வெட்டுவதற்கு முன், வளைத்த இரண்டு கம்பிகளை நீட்டிப் பிடித்தபடி நடப்பான். கீழே ஆள் இருந்தால் கம்பிகள் தாமாகவே ஒன்றின் மேல் ஒன்று சாயும். பக்கத்து வரிசையில் கல்லுக்குக் கல் சாய்ந்தன. நோர்கார்ட் வரிசைக்கு வந்ததும் நேராக நின்றுவிட்டன. யென்ஸ், கேரன், எல்னா, பேடர், ஹோல்கர். ஐந்து கற்களையும் தாண்டியாயிற்று.

"கம்பி துருப்பிடிச்சிருச்சா வென்டெல், இல்ல நீயா?" என்றாள் டாக்னி.

"எனக்குத் துருப்பிடிச்சு ரொம்ப நாளாச்சு. கம்பி புதுசு." மறுபடி நடந்து பார்த்தான். "இங்க கீழ யாருமே இல்ல, டாக்னி."

"உன் கிறுக்குத்தனத்துக்கு அளவே இல்லயா? என் மாமனாரைப் புதைச்சதே நீதான."

"நான்தான். மண்ணும் நானேதான் தள்ளினேன்." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினான். "ஹார்லனை இங்க வைக்கணுமான்னு யோசிச்சுக்க."

கணவர் ஹார்லனின் சாம்பல் வசந்தத்திலிருந்தே சமையலறை ஜன்னலோரம் வால்நட் பெட்டியில் இருந்தது. தொற்றுநோய்க் காலம், கூடி அடக்கம் செய்ய முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் போனில் பேசியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "உழைச்சது போதும். இனிமே யாரும் என்னை எழுப்பாம பாத்துக்க." சரி என்று சொல்லியிருந்தாள். அவருடைய ஜனங்களோடு படுக்க வைப்பது என்று தீர்மானித்து, குடும்பக் கல்லில் பொறிக்கப் பெயர்களைச் சரிபார்க்கவே பத்தாண்டுக்கு ஒருமுறை அரசாங்கம் எடுத்த பழைய குடிக்கணக்கு ஏடுகளைக் கணினியில் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கணினியைத் திறந்தபோது வெளியே அறுவடை இயந்திரம் எங்கோ சோளக்காட்டில் முனகிக்கொண்டிருந்தது. காய்ந்த சோளத்தட்டையின் தூசு ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து காபியின் மேல் படிந்தது. அந்தத் தூசோடு இன்னொரு வாடையும் கலந்திருந்தது. ஈரக் கம்பளியும் குதிரை வியர்வையும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. இந்தக் கொட்டிலில் குதிரை கட்டி இரண்டு தலைமுறை ஆகிறது.

கல்லறைக் கற்களின்படி யென்ஸும் கேரனும் அவர்களின் பிள்ளைகள் எல்னாவும் பேடரும் 1936 குளிரில் காய்ச்சல் கண்டு அடுத்தடுத்துப் போனவர்கள். தப்பியவர் ஹார்லனின் அப்பா ஹோல்கர் மட்டும். ஆனால் 1940 கணக்கில் நால்வரும் வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகளின் வயது கல்லில் நின்ற இடத்திலேயே நின்றது. கடைசி வரியில் அன்டோன், பண்ணையாள், வயது நாற்பது. அவள் பின்னோக்கிப் போனாள். 1930இல் அன்டோன், நாற்பது. 1920இலும் நாற்பது. 1910இலும்.

விவரம் சொன்னது யார் என்று காட்ட 1940இல் பெயருக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி இடுவார்கள். குறி அன்டோன் பெயரில் இருந்தது.

ஹார்லனின் அக்கா மாவிஸுக்குப் போன் செய்தாள்.

"கணக்கெடுக்க வந்தவன் குளிருக்குப் பயந்து வண்டியிலயே உக்காந்து எழுதியிருப்பான்" என்று மாவிஸ் சிரித்தாள். "செத்தவங்களைக் கூட்டிக் காட்டுறது நம்ம ஊர்ல தேர்தலுக்கே நடந்திருக்கு."

"அன்டோன்னு ஒருத்தரைக் கேள்விப்பட்டிருக்கியா?"

சிரிப்பு நின்றது.

"மாவிஸ்?"

"மேசையில அந்த மூலை நாற்காலில அப்பா எங்க யாரையும் உக்கார விடமாட்டாரு. வேலையாள் இடம்னு சொல்லுவாரு. எங்க வீட்ல வேலையாளே கிடையாது. நீ நாளைக்கே கிளம்பி இங்க வந்துரு, டாக்னி. பெட்டியையும் எடுத்துட்டு வா."

போனை வைத்துவிட்டு மேலே பார்த்தாள். சமையலறைக்கு மேல்தான் பண்ணையாள் அறை. தனியாக ஒரு குறுகிய படிக்கட்டு, இப்போது பழைய ஜாடிகள் அடுக்கிய கிடங்கு. மேலே ஒரு பலகை அழுந்தியது. அடுத்தது. வீடு காய்கிறது, இலையுதிர் காலத்தில் மரம் இப்படித்தான் நெட்டி முறிக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அப்போது யாரோ இருமினார்கள். அடைத்த தொண்டையை இரண்டு தடவை செருமி, பிறகு இருமும் இருமல். நாற்பது வருடம் அவள் பக்கத்தில் படுத்து இருமிய இருமல்.

சாம்பல் பெட்டியைத் தூக்கினாள். கனமே இல்லை.

கதவு தட்டப்பட்டது. சமையலறைக் கதவுதான். கழுத்தில் அரசாங்க அட்டையும் முகத்தில் கவசமுமாக ஒரு சின்னப் பெண் நின்றாள். உயிருள்ள ஒருத்தியைக் கண்ட நிம்மதியில் டாக்னிக்கு அழுகை வரும் போலிருந்தது.

"குடிக்கணக்குக்கு வந்திருக்கேன், மேடம். முன்கதவைத் தட்டினேன், யாரும் வரல. போன வாரம் திறந்தவர் இல்லயா?"

"முன்கதவை யாரும் திறக்க முடியாது. என் மாமனாரோட சவப்பெட்டியை வெளிய எடுத்த பிறகு மூடினது. பெயிண்ட் அடிச்சு இறுகிப்போச்சு. நாங்க எல்லாரும் இந்த வழிதான்."

"நல்லாத் திறந்துச்சே." கைக்கருவியைப் பார்த்தாள் அந்தப் பெண். "ஏழு பேர்னு சொன்னாரு. சொல்லலாமான்னு தெரியல, ஆனா நீங்க வீட்டுக்காரங்கதானே?"

"ஹார்லன் பேர் இருக்கா?"

"இருக்கே."

"அவர் இறந்துட்டாரு. இங்க நான் மட்டும்தான். ஒரே ஆள். அப்படி எழுதிக்கோம்மா."

"ஆனா உங்களைத்தான் அவர் சொல்லல. இன்னொரு அம்மா இருக்காங்க, அவங்களை அடுத்த வாரம் வந்து சேத்துக்கலாம்னாரு. அதுக்குத்தான் திரும்ப வந்தேன்."

வீட்டுக்குள் எங்கோ பெயிண்ட் விரிசல் விட்டது. நீளமாக. மேலிருந்து கீழ்வரை.

டாக்னி திரும்பவில்லை. குறுகிய படிக்கட்டில் கால்கள் இறங்கின. சின்னக் கால்கள். பெரிய கால்கள். ஹார்லனைப் போலவே இடது காலைச் சற்று இழுக்கும் ஒரு ஜோடி.

"கிளம்பும்மா" என்றாள். "உன் கார்ல என்னையும் ஏத்திக்க."

அந்தப் பெண்ணின் கண்கள் டாக்னியின் தோளைத் தாண்டிப் போயின. மலர்ந்தன.

"இதோ வந்துட்டாரே."

ஈரக் கம்பளி வாடை. கழுத்துக்குப் பக்கத்தில்.

நாற்காலிகள் இழுபட்டன. ஒவ்வொன்றாக.

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், அவசரமில்லாமல், பண்ணையாளுக்கே உரிய பணிவோடு பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தது. யென்ஸ். கேரன். எல்னா. பேடர். ஹோல்கர். ஹார்லன். அன்டோன்.

அந்தப் பெண் விரலைக் கருவியின் மேல் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"அடுத்தது?"