பதிலில் ஒரு விரல் குறைவு

சர்வர் அனுப்பிய பதிலில் ஒரு விரல் குறைந்திருந்தது.

செயற்கைக் கை கால் செய்யும் கம்பெனிக்கு வீட்டு மாடியறையிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவள் தங்கை. ஓர் உடம்பின் எலும்பு, தசை அளவுகளைப் பிரித்து, ஒரே நீளச் சரமாக எழுத்தில் கோத்து அவளுடைய புரோகிராம் அனுப்பும். எங்கோ இருக்கும் சர்வர் அந்தச் சரத்தை அவிழ்த்து, மறுபடி உடம்பாக அடுக்கி, சரிதானா என்று திருப்பிக் காட்டும். சோதனைக்கு ஓர் ஆள் வேண்டுமே? புரோகிராமர் வர்க்கத்துக்கே உரிய சோம்பேறித்தனத்தில், கைக்கு அகப்பட்ட அண்ணனையே அளந்து ஏற்றிவிட்டாள். மலையை அளந்த கதைதான். டேப்புக்கே மூச்சு வாங்கியது.

"என்னை வச்சுத்தான் கம்பெனியே ஓடுது. கமிஷனை எடுத்து வைடி" என்று சீண்டிவிட்டு, அண்ணன் கீழே காய் நறுக்கப் போயிருந்தான்.

வெங்காய நெடி, வெயிலில் சூடேறிய கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாசனை, சுவரில் மூச்சு விடுவதுபோல் உப்பித் தணியும் திரைச்சீலையின் நிழல், பலகையில் டக் டக்கென்று இறங்கும் கத்தி என்று எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. பிறகு ஒரு 'டக்' மட்டும் ஈரமாகக் கேட்டது.

"அடியே... துணி எடுத்துட்டு வா. விரலு..."

எழுந்தவளின் கண் திரையில் நிலைகுத்தியது. பதில் பொருந்தாவிட்டால், பொருந்தும்வரை மறுபடி மறுபடி அனுப்பு என்று எழுதி வைத்தவளே அவள்தான். புரோகிராம் அனுப்பிக்கொண்டிருந்தது. சர்வரும் சளைக்கவில்லை.

இடது கை: காலி.

ஈர விறகை முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல் கீழே ஒரு முறிவு. அண்ணன் அலறிய அலறலில் தெருநாய்கள் அடுத்த ஊருக்கே ஓடியிருக்கும்.

புரோகிராமை நிறுத்தினாள். பதில்கள் நிற்கவில்லை.

வலது கால்: காலி.

தொம்மென்று விழும் சத்தம். இழுபடும் சத்தம். பலகை தெறித்தது. ரத்தத்தின் துருவாடை படியேறி வந்தது.

அங்கே எது காலியோ, இங்கே அது போகிறது. அப்படியென்றால் அங்கே நிரப்பினால்? பழைய அளவுகள் அத்தனையையும் மீண்டும் கோத்தாள். இருக்கிற உடம்பை அழித்துவிட்டு இதை முழுதாக வை என்ற கட்டளையோடு அனுப்பினாள்.

கீழே ஏதோ பிதுங்கி வெடித்தது.

பதில்: பொருந்தியது.

அலறல் நின்றது. படியில் காலடி. இரண்டு கால்கள்.

"கை வந்துடுச்சுடி."

விம்மியபடியே கதவைத் திறந்தாள்.

உயரம் சரி. தோளகலம் சரி. விரல்கள் அத்தனையும் இருந்தன. எலும்பு. தசை. இம்மி பிசகில்லை.

தோலைக் கம்பெனி கேட்டதேயில்லை.

கொளுத்தும் வெயிலில், செக்கச்செவேலென்று, தலைமுதல் கால்வரை சொட்டிக்கொண்டு, மூட இமையில்லாத கண்களோடு அண்ணன் நின்றான்.

"குளிருதுடி" என்று அவள் கன்னத்துத் தோலை மெல்லப் பிடித்தான்.