விரல் தவறியவை

மதியம் ஒன்றரை மணிக்கு, பாட்டுச் செயலியில் அக்காவின் கணக்கு மறுபடி பாட்டுக் கேட்கத் தொடங்கியது. அக்கா போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவளுடைய போன் சார்ஜ் இல்லாமல், வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

ஏசிக் குளிரும் ஆறிப்போன காபி வாடையும் கலந்த, அந்தச் செயலியை நடத்தும் அலுவலகத்தில் தங்கைக்கு வேலை இதுதான்: யார் எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்கிறார்கள் என்று பார்த்து இயந்திரம் அவர்கள் மனநிலையைக் கணிக்கும், “நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள். சரியா?” என்று அவர்களிடமே கேட்கும், வருகிற பதில்களைச் சலித்து இவள் அதற்குப் பாடமாகக் கொடுப்பாள். துள்ளல் பாட்டுக்கு யாராவது “இல்லை” என்று அழுத்தினால், ‘விரல் தவறியவை’ என்ற பெட்டியில் தள்ளிவிடுவது அங்கே வழக்கம். துள்ளல் பாட்டை எவனாவது அழுதுகொண்டு கேட்பானா என்ன?

அக்கா கேட்டாள். கடைசி நாளில் ஒரே பாட்டை நாற்பத்தொரு தடவை கேட்டு, நாற்பத்தொரு தடவையும் “இல்லை” என்றாள். யாருடைய கணக்கு என்றுகூடப் பார்க்காமல் மொத்தத்தையும் பெட்டியில் தள்ளிய பாவி தங்கைதான். அது அக்காவின் கணக்கு என்று பிறகு தெரிந்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இப்போது திரையில் நாற்பத்திரண்டு. “இல்லை.”

“சார், இறந்தவங்க கணக்கு ஓடுமா?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள்.

“பழைய பதிவு ஏதாவது லேட்டா வந்திருக்கும்மா. பெட்டியில தள்ளிட்டு சாப்பிட வா.”

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை. இந்தத் தடவை தள்ளவும் இல்லை. ‘துயரம்’ என்று குறித்தாள்.

மேசைமேல் அவளுடைய போன் ஒளிர்ந்தது. கழுத்தில் கிடந்த ஹெட்போனுக்குள் அதே துள்ளல் பாட்டு, மெல்ல ஆரம்பித்தது. அவள் எதையும் போடவில்லை.

“நீங்கள் துயரமாக இருக்கிறீர்கள். சரியா?”

அவள் தொடவில்லை. “ஆம்” தானாக அழுந்தியது. அதன்மேல் ஈரமாக ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு.

சின்ன வயதில் அக்காவின் கட்டைவிரலை டப்பா மூடி கிழித்த தழும்பு அது. “ஏன்க்கா என் போன நோண்டினே?” என்று அந்தக் கோட்டை வைத்தே எத்தனை சண்டை பிடித்திருக்கிறாள்.

“நீங்கள் பயப்படுகிறீர்கள். சரியா?”

அதற்கும் தானாகவே “ஆம்”.

“நீங்களும் வருகிறீர்கள். சரியா?”

“இல்லை” என்று அழுத்தினாள். கேள்வி போகவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி. நகம் வலிக்க.

திரையில் ஒரு வரி வந்தது.

“விரல் தவறியது.”

ரேகை மெல்ல “ஆம்” பக்கம் நகர்ந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள்.

ரேகை கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.