இரண்டு விரல் தண்ணீர்

காலை 7:40.

“இன்னும் கால் மணி நேரத்துல இந்த வாளி வாயைத் திறக்கும். யார் கொன்னதுன்னு அதுவே சொல்லும்” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

சப்-இன்ஸ்பெக்டர் வாளியைப் பார்த்தார். ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் மெஷினின் வயிற்றிலிருந்து உருவிய பிளாஸ்டிக் வாளி. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே தன் பெயரை இரண்டு தடவை சரிபார்த்த மனிதர் அவர். வாளி பேசும் என்று ஒப்புக்கொள்வாரா?

“அம்மா, உங்களுக்கு ராத்திரி தூக்கமே இல்லைபோல” என்றார் பணிவாக.

பட்டறைத் தரையில், வாளிக்குப் பக்கத்தில் வயலின் செய்யும் பெரியவர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் மரச்சுத்தியல் அடி. உடம்பு விறைத்துவிட்டிருந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. நேற்று மாலை பிடித்த மழை, வானத்துக் குழாயை எவனோ திறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டதுபோல் கொட்டிக்கொண்டே இருந்தது. கூரை நீண்டிருந்ததால் சாரல் உள்ளே வரவில்லை. போலீஸ் வந்தபோது உறுமிக்கொண்டிருந்த மெஷின், வாளியை உருவியதும் வாயடைத்து நின்றது.

வெளியே ஜீப்பில் விலங்கோடு நெட்டை. பெரியவரிடம் வேலை பார்ப்பவன்; அடிதடியில் ஒருமுறை ஜெயிலுக்குப் போனவன். கொலை வழக்கில் மறுபடி உள்ளே போனால், வெளியே வரும்போது தலையில் ஒரு கறுப்பு முடி மிஞ்சாது. அவனைக் கைகாட்டியது மாடியில் குடியிருக்கும் பெரியவரின் தம்பி.

“மறுபடி சொல்லுங்க” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

“எத்தனை தடவைம்மா? ரெண்டு மணிக்கு மாடியிலேர்ந்து பார்த்தேன். ஜன்னல் ஆன்னு திறந்து கிடந்துச்சு. அந்த நெட்டைப்பய குதிச்சு ஓடினான்.”

“இறங்கி வந்து பார்க்கலை?”

“அண்ணன் அவனைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறவரு. நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்.”

“அலறல் கேக்கலையா?”

“எங்க கேக்கறது? இந்த மெஷின்தான் ராத்திரி பூரா உறுமித் தள்ளிச்சே! இடி விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது.”

“காலையில உள்ள வந்தீங்களா?”

“வாசப்படியோட சரி. இந்த ரூமுக்குள்ள அண்ணன் என்னை விட்டதே இல்லை. நான் கதவைச் சாத்தாம போறேனாம், ஈரம் நுழையுதாம், கரண்டு பில்லு எகிறுதாம்.”

சுவரோரம் பெரியவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ், இரவு டியூட்டி முடிந்து வந்து முதலில் உடலைப் பார்த்தவள். சீருடையைக்கூட மாற்றவில்லை.

“சித்தப்பா சொல்றது நிஜந்தான். ஈரத்துல வயலின் மரம் வளைஞ்சுடும்னு அப்பா எல்லாத்தையும் இறுக்கிச் சாத்தி, ஈரப்பதம் ஐம்பதுன்னு வெச்சிடுவார். ஐம்பதுக்கு இறங்கினதும் மெஷின் தானா நின்னுடும். ஏறினா மட்டும் எழுந்து ஓடும். ‘முக்கால்வாசி நேரம் தூங்கிட்டே வேலை பார்க்குது, கவர்மெண்டு உத்தியோகம்’னு சிரிப்பார். நேத்து பத்து மணிக்குப் போன்ல பேசினப்போகூட, ‘வாளியைக் கொட்டிட்டேன், படுக்கப் போறேன்’னார்.”

“காலையில வாளியைத் தொட்டியாம்மா?”

“இல்லை. அப்பாவைத்தான் தொட்டேன். ஜில்லுன்னு இருந்தார்.”



இன்ஸ்பெக்டரம்மா வாளியைத் தம்பியின் முன்னால் வைத்தார். “திறந்த ஜன்னல், இந்த மழை. ரெண்டு மணியிலேர்ந்து மெஷின் ஓடியிருந்தா ஊர் ஈரத்தையே குடிச்சிருக்கும். வாளி தளும்பி, தானா நின்னிருக்கும். நாங்க வந்தப்போ அது ஓடிட்டிருந்துச்சு. உள்ள ரெண்டு விரல் தண்ணி. மீதி எங்க?”

“யாராவது கொட்டியிருந்தா?” என்று இடைமறித்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

“யாரு? இவர் சொல்றபடி நெட்டை ரெண்டு மணிக்கே ஓடிட்டான். இவர் வாசப்படி தாண்டலை. பொண்ணு தொடலை.” அவர் பார்வை தம்பியை விட்டு நகரவில்லை. “ராத்திரி மெஷின் தூங்கியிருக்கு. அது தூங்கணும்னா ஜன்னல் சாத்தியிருக்கணும். சாத்தின ஜன்னல் வழியா எவனும் குதிக்கலை. விடிஞ்ச பிறகு, அவன் குதிச்ச மாதிரி காட்ட நீங்க வந்து திறந்தீங்க. மெஷின் உறும ஆரம்பிச்சது. வழக்கமா ஜன்னல் சாத்தியிருக்கறதால மாடிக்குச் சத்தம் வராது; மெஷின் தானா நின்னுடும்னு உங்களுக்குத் தெரியாது. ராத்திரி பூரா இப்படித்தான் ஓடும்னு நினைச்சு, அலறல் கேக்காததுக்குச் சாக்கா அதையே சொல்லிட்டீங்க.”



“பட்டறையை அந்த ஜெயில் பயலுக்கு எழுதி வெக்கறேன்னாரு” என்றார் தம்பி, தரையைப் பார்த்து. “கூடப் பொறந்தவன் கல்லு மாதிரி இருக்கேன். அவனுக்காம்!”

மகள் நிமிர்ந்தாள். “அப்பாவை அடிச்சுப் போட்டுட்டு, மேல போய்த் தூங்கினீங்களா சித்தப்பா?”



சப்-இன்ஸ்பெக்டர் மழையில் நனைந்தபடி ஜீப்புக்குப் போய் விலங்கைக் கழற்றினார். நெட்டை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்: “எனக்காக யார் சார் சாட்சி சொன்னது?”

“வாளி.”

“இந்த நேரத்துல கிண்டலா சார்?”

“கிண்டல் இல்லைப்பா. நானும்தான் நம்பலை. ஆனா சொல்லிச்சு. பக்கத்துல நின்னு ரெண்டு காதாலயும் கேட்டேன்.”