தோளில் விழாத கை

வழிகாட்டி டூலி மூன்றாவது முறையாகத் தலைகளை எண்ணினான். மறுபடியும் பதின்மூன்று.

காலையில் மலையடிவார ஊரான ஜிண்டபைனில் அந்தப் பனிவண்டியில் ஏறியவர்கள் பன்னிரண்டு பேர், ஆறு ஜோடி. அவர்களில் ஒருத்தியான கிளெனிஸ் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலைமேல் காட்டுக்குதிரைகளைப் பார்ப்பதற்காக எல்லோரும் கால்மணி நேரம் இறங்கி நின்றார்கள். அதற்குள் மூடுபனி கவிந்துவிட்டது; சாண வாசனை வந்ததே தவிர ஒரு குதிரையும் கண்ணில் படவில்லை. வண்டிக்குத் திரும்பினால், அவளுடைய ஜன்னலோர இருக்கையில், கணவன் ரஸ்ஸுக்குப் பக்கத்தில், வேறொருத்தி போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அது என் இடம் என்று சொல்லியிருக்கலாம். கோதுமை விதைக்கிற அவளுடைய டெமோரா ஊர் ஜனங்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. ஒரு இருக்கைக்காக முகத்தைத் தூக்குவதைவிட நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்வார்கள். "பரவால்ல, உட்காருங்க" என்று கிளெனிஸே சிரித்துச் சொல்லிவிட்டு, முன்னால் இருந்த கருவிப்பெட்டிமேல் போய் உட்கார்ந்தாள்.

ரஸ் ஒரு வார்த்தை பேசாததுதான் உறுத்தியது. இந்தப் பயணமே அவனுடைய ஏற்பாடு. இரண்டு வருஷமாக அவளுடைய நுரையீரல் நோய் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. "அதயெல்லாம் கீழயே விட்டுட்டு வா, கிளென். புதுசா ஆரம்பிக்கலாம்" என்று அவன் சொன்னதை நம்பித்தான் மூச்சிரைக்க வந்திருந்தாள். அவன் தன்னை இன்னும் வேண்டுமென்று நினைக்கிறான் என்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

"ஒரு ஆள் கூடுதலா இருக்கு" என்றான் டூலி.

"குதிரை ஏறிடுச்சோ என்னவோ" என்றார் பின்னாலிருந்த பெரியவர்.

காலையிலிருந்து ஜோக்கடித்தே ஆளைக் கொன்ற டூலி இதற்குச் சிரிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தினான். டீசலும் ஈரக் கம்பளியும் யாரோ பிளாஸ்கில் கொண்டுவந்த பூசணி சூப்பும் கலந்த வாடை திடீரென்று கனத்தது. வெளியே யூகலிப்டஸ் கிளையொன்று பனி தாங்காமல் முறிகிற சத்தமும், கூரைமேல் காற்று உரசுகிற சத்தமும், எல்லோருடைய தொப்பியிலிருந்தும் பனி உருகித் தரையில் சொட்டுகிற சத்தமும் கேட்டன. அந்தப் பெண்ணின் தலையில் இருந்த பனி மட்டும் உருகவில்லை.

"அவங்கவங்க கூட வந்தவங்க தோள்ல கை வைங்க" என்றான் டூலி. "பன்னெண்டு பேர ஏத்திட்டு வந்தேன். பன்னெண்டு பேரத்தான் எறக்குவேன். யார் தோள்ல கை விழலையோ, அவங்க எறங்கிக்கணும்."

"இந்தக் குளிர்லயா, தம்பி?" என்றார் பெரியவர்.

"ஒருதடவ எண்ணாம கூட்டிட்டுப் போயிட்டேங்க. மறுபடி அது வேணாம்."

கைகள் எழுந்தன. கம்பளிமேல் கையுறைகள் படிந்தன. கிளெனிஸ் எழுந்து ரஸ்ஸிடம் போனாள். அவன் கை உயர்ந்தது. அது பதிய வாகாகத் தோளைச் சாய்த்துக்கூடக் கொடுத்தாள். வெட்கங்கெட்ட தோள். அந்தக் கை அவளைத் தாண்டிப்போய் ஜன்னலோரம் இருந்தவள்மேல் விழுந்தது.

"ரஸ், நான்தான்." இருமல் வந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஆள் தெரியாத பார்வை இல்லை. முப்பத்தோரு வருஷமாக அவள் பார்த்த அதே கண்கள். குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"தெரியும், கிளென்."

கையை எடுக்கவில்லை.

டூலி அவள் முழங்கையைப் பிடித்தான். "வாங்கம்மா." மரியாதையாகத்தான் சொன்னான். மற்ற பத்துப் பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த வீடு தன் கண்ணெதிரே வேறொருத்திக்குக் கைமாறியது போலிருந்தது அவளுக்கு.

கதவு. காற்று. முழங்கால்வரை பனி. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

எஞ்சின் உறுமியது. அவள் தடுக்கித் தடுக்கி ஜன்னல்வரை போனாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போர்வை நழுவியிருந்தது. கிளெனிஸின் முகம். நோய்க்கு முந்தைய முகம். கன்னம் நிறைந்து, ரத்தம் ஓடி. ரஸ் அந்தத் தோளில் தலை சாய்த்திருந்தான், வெகுநாள் கழித்து வீடு வந்து சேர்ந்தவனைப்போல.

அவன் கண்கள் திறந்தே இருந்தன. இமைக்கவில்லை.

"ரஸ்." கண்ணாடியை அறைந்தாள். "ரஸ், எழுந்திரு."

வண்டி நகர்ந்தது. உள்ளே இருந்தவள் இரண்டு விரலை நீட்டி, அவன் இமைகளை மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக மூடிவிட்டாள்.