நெத்திலியை அளந்த ஆள்

மூன்று நாளாக நொச்சிக்குப்பத்தில் வேறு பேச்சே இல்லை. மயிலாப்பூரிலிருந்து குடையும் அடிக்கோலுமாக ஓர் ஆள் வருகிறார். மணலில் குந்தி மீனை அளக்கிறார், நோட்டில் எழுதுகிறார். ஒரு மீன்கூட வாங்குவதில்லை. வாசனை தாங்காமல் மூக்கை வேறு பொத்திக்கொள்கிறார்.

பெயர் அனந்தராமன். சர்க்கார் மீன் இலாகாவாம்.

"அங்குலத்துக்கு இவ்ளோன்னு வரி போடப் போறான்," என்றார் வலைக்காரர் முனியன். காலையில் அவர் சொன்ன வரி, சாயந்திரத்துக்குள் குப்பத்தின் தென்கோடியில் இரண்டு மடங்காகியிருந்தது.

அந்த ஆளிடமே போய்க் கேட்கத் தோன்றியது சிறுமி தேசம்மாவுக்கு மட்டும்தான்.

"இன்னாத்துக்கு சார் அளக்கறீங்க?"

"இத்தனூண்டு குஞ்சுகளைப் பிடிச்சிண்டே இருந்தா, நாளைக்குக் கடல்ல மீன் ஏது? சின்னக் கண் வலையே கூடாதுன்னு எழுதப்போறேன்."

தேசம்மாவுக்குப் பகீரென்றது. அவள் அம்மா கங்கம்மா அந்த வலைக்குத்தான் கயிறு இழுக்கிறாள். கூலி ஒரு கூடை நெத்திலி. அதை விற்றால்தான் வீட்டில் உலை.

அவர் முன்னால் கிடந்த குவியலைப் பார்த்தாள். முக்கால்வாசி நெத்திலி.

"சார், நீங்க மீன் துன்னுவீங்களா?"

"அதெல்லாம் கேக்கப்படாது."

இவருக்கு மீனைப் பற்றித் தெரியாது என்பதில் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஒரு நெத்திலியை எடுத்து நகத்தால் வயிற்றைக் கீறினாள். உள்ளே பொடிப்பொடியாக முட்டை.

"குஞ்சு வவுத்துல முட்டை இருக்குமா சார்? இது வளந்த மீனு. இதுக்கு மேல வளராது."

அனந்தராமன் மூக்கைப் பொத்த மறந்துபோனார். இன்னும் நாலு மீனைக் கீறச் சொல்லிக் குனிந்து பார்த்தார். பிறகு விரல் நீள மீன் ஒன்றைக் காட்டினார்.

"இது?"

"அது வஞ்சிரக் குஞ்சு. வளந்தா என் கை நீளம் வரும்."

"இதுவும் அதே வலையிலதானே வர்றது?"

தேசம்மா கொஞ்சம் யோசித்தாள். "வலையைக் கரையேத்தாம முழங்கால் தண்ணியிலேயே பிரிச்சா, குஞ்சைப் பொறுக்கி உசுரோட வுட்டுடலாம் சார்."

மறுநாள் காலை அப்படியே செய்து பார்த்தார்கள். சிறுவர்கள் தண்ணீரில் நின்று குஞ்சுகளைப் பொறுக்கி விட்டார்கள். முனியனின் கண் மட்டும் மீன்மேல் இல்லை, நோட்டின்மேல் இருந்தது.

"அந்தாளு இன்னா எழுதிக்கினு கீறான்?"

"தமிழ்ல எழுதிக் குடுங்க சார்," என்றாள் தேசம்மா. மூன்றாம் வகுப்புக்காரி, அவர் எழுதிக் கொடுத்த தாளை உரக்கப் படித்தாள்: "நெத்திலி வலை இருக்கலாம். வஞ்சிரக் குஞ்சுகளைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இதுவே என் சிபாரிசு."

முனியன் அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார். அப்புறமும் நம்பாமல் தாளைப் பிடுங்கி, தலைகீழாகப் பிடித்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"கரெக்டாத்தான் கீது," என்றார்.